வடிவமைப்பு மாணவருக்கு ஏற்ற மடிக்கணினி

சிலாங்கூர் மாநிலத்தின் வட எல்லையில் பெர்ணாம் ஆறு ஓடுகிறது. ஆற்றின் அக்கரையில் பேராக் மாநிலம். இக்கரையில் சபாக் பெர்ணாம். செம்பனை, தென்னை, நெல் ஆகியவை இவ்வட்டாரத்தின் முக்கியப் பயிர்கள். இங்குள்ள தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வளர்ந்த மாணவர் பலர், எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் உயர்கல்வி நாடி வெளியூர் செல்கின்றனர். அவர்களுள் ஓவியத்தில் நாட்டமுள்ள சிலர் வரைகலை வடிவமைப்புத் துறையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

வடிவமைப்புத் துறையில் இடம் கிடைத்ததும் குடும்பத்தின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும். எந்த மடிக்கணினியை வாங்குவது? இது எளிய கேள்வியன்று. 2025ஆம் ஆண்டில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளம் பெறும் ஒரு தொழிலாளிக்கு, 2,500 ரிங்கிட் விலையுள்ள மடிக்கணினி என்பது ஏறத்தாழ ஒன்றரை மாத உழைப்பாகும். பட்டயக் கல்வி முடியும்வரை அதே கணினிதான் மாணவருக்குத் துணை. தவறான கணினியை வாங்கிவிட்டால், மறு ஆண்டே வேறொன்றை வாங்கக் குடும்பத்தால் இயலாது. ஆகவே, விளம்பரத்தை நம்பாமல், தேவையை அறிந்து தேர்ந்தெடுக்கும் முறையைத் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

நெட்புக் கற்பித்த பாடம்

சிறிய, மலிவான மடிக்கணினி என்ற எண்ணம் புதியதன்று. 2007ஆம் ஆண்டில் ஆசுஸ் நிறுவனம் ‘ஈ பிசி’ என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் திரை 7 அங்குலமே. அதன் வெற்றியைக் கண்ட பிற நிறுவனங்களும் அத்தகைய கணினிகளைத் தயாரித்தன. அவை ‘நெட்புக்’ என்று அழைக்கப்பட்டன. மலேசிய அரசாங்கமும் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு ‘ஒரே மலேசியா’ நெட்புக்குகளை வழங்கியது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கணினியைத் தொட்டே அறியாத பல வீடுகளில் முதன்முறையாகக் கணினித் திரை ஒளிர்ந்தது.

கட்டுரை எழுதவும் இணையத்தில் தகவல் தேடவும் நெட்புக் போதுமானதாக இருந்தது. ஆனால், வடிவமைப்புப் பணிக்கு அது ஈடுகொடுக்கவில்லை. காரணத்தை எண்களே சொல்லும். அக்காலத்துப் பெரும்பாலான நெட்புக்குகளின் திரையில் குறுக்கே 1,024 படப்புள்ளிகளும் நெடுக்கே 600 படப்புள்ளிகளும் இருந்தன. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோட்டோஷாப் சி.எஸ்.5 மென்பொருளோ, நெடுக்கே குறைந்தது 768 படப்புள்ளிகளைக் கோரியது. திரையின் உயரம் போதாததால், சில கட்டளைப் பெட்டிகளின் கீழ்ப்பகுதியே மாணவரின் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு வேலைக்கு நன்கு பயன்படும் கருவி மற்றொரு வேலைக்குப் பயன்படாமல் போகலாம். ‘நல்ல கணினி எது?’ என்று கேட்பதற்கு மாறாக, ‘இந்த வேலைக்கு நல்ல கணினி எது?’ என்று கேட்பதே முறையாகும்.

முதலில் பட்டியல், பிறகு கடை

கடைக்குச் செல்லும் முன், மாணவர் தாம் படிக்கப்போகும் கல்வி நிலையத்திடம் மூன்று விவரங்களைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, எந்தெந்த மென்பொருள்கள் பாடத்தில் பயன்படுத்தப்படும்? இரண்டாவது, கணினிக் கூடத்தை வகுப்பு நேரத்திற்குப் பின்னும் பயன்படுத்தலாமா? மூன்றாவது, பாடத்தில் முப்பரிமாண உருவாக்கமோ காணொலித் தொகுப்போ உண்டா?

மூன்றாம் கேள்விக்கான பதில் செலவைப் பெரிதும் மாற்றும். சின்னம், சுவரொட்டி, நூல் பக்க அமைப்பு போன்ற இருபரிமாணப் பணிகளுக்கு நடுத்தர விலையிலுள்ள சிறிய மடிக்கணினியே போதும். முப்பரிமாண அசைவூட்டத்திற்குத் தனி வரைகலைச் சில்லு உள்ள கணினி தேவைப்படும். அதன் விலையும் எடையும் கூடுதல். கனமான பணிகளைக் கல்வி நிலையக் கூடத்திலேயே முடிக்க முடியும் என்றால், அந்தச் செலவைத் தவிர்க்கலாம். அதே கல்வி நிலையத்தின் மூத்த மாணவர்களிடம் பேசுவதும் நன்று. அவர்கள் தாங்கள் வாங்கியதில் கண்ட நிறைகுறைகளை மறைக்காமல் சொல்வார்கள்.

திரை: வடிவமைப்பாளரின் கண்

பலர் கணினியின் வேகத்தைத்தான் முதலில் பார்க்கின்றனர். வடிவமைப்பு மாணவர் முதலில் பார்க்க வேண்டியது திரையாகும். தீபாவளி வாழ்த்து அட்டை ஒன்றை வடிவமைக்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். குங்குமச் சிவப்பு அவருடைய திரையில் வெளிறித் தெரிகிறது. எனவே, சிவப்பை மேலும் கூட்டுகிறார். அச்சகத்திலிருந்து வரும் அட்டையில் நிறம் கறுத்துப் போயிருக்கிறது. பிழை அவருடைய கண்ணில் இல்லை; திரையில் இருக்கிறது.

திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்பதை அளக்கப் பொதுவான ஓர் அளவை உண்டு. ஹியூலட் பேக்கர்டும் மைக்ரோசாப்டும் இணைந்து 1996ஆம் ஆண்டில் உருவாக்கிய அந்த அளவை ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ எனப்படும். கணினித் திரைகளுக்கும் இணையப் பக்கங்களுக்கும் இன்றுவரை அதுவே அடிப்படை. வடிவமைப்புப் பணிக்கு எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் 100 விழுக்காட்டையோ அதற்கு நெருக்கமான அளவையோ காட்டும் திரை தேவை.

கடையில் இதை வேறு பெயரில் எழுதியிருக்கலாம். சில விவரத்தாள்களில் ‘45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.’ என்று இருக்கும். இது வண்ணம் குறைந்த திரை என்பதற்கு அடையாளம். ‘72 விழுக்காடு என்.டி.எஸ்.சி.’ என்று இருந்தால், அது ஏறத்தாழ முழு எஸ்.ஆர்.ஜி.பி. அளவுக்குச் சமம். விலை மலிந்த கணினிகள் பலவற்றில் முதல் வகைத் திரையே பொருத்தப்படுகிறது. ஒரே பெயருள்ள கணினி இருவகைத் திரைகளுடனும் விற்கப்படுவதுண்டு. எனவே, பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், விவரத்தாளில் உள்ள எண்ணையும் பார்க்க வேண்டும்.

திரையின் நுணுக்கம் 1,920க்கு 1,080 படப்புள்ளிகளுக்குக் குறையாமல் இருத்தல் நலம். அதில் மொத்தம் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. பழைய 1,366க்கு 768 திரையில் ஏறத்தாழ 10 இலட்சம் மட்டுமே உண்டு. மேலும், ‘ஐ.பி.எஸ்.’ வகைத் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. கடையில் இதைச் சோதிப்பது எளிது. ஒரே படத்தை இரண்டு கணினிகளில் திறந்து, நேராகவும் சாய்வாகவும் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

மேசையும் அலமாரியும்

ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தை எழுதும் மேசைக்கு ஒப்பிடலாம். சேமிப்பகத்தை அலமாரிக்கு ஒப்பிடலாம். மேசை சிறிதானால், ஒரு நூலை எடுக்க மற்றொன்றை அலமாரியில் வைக்க வேண்டிவரும். கணினி ‘மெதுவாக’ ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வடிவமைப்பு மாணவருக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏ3 அளவுள்ள சுவரொட்டியை அச்சுத் தரத்தில், அதாவது ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில் உருவாக்கினால், அது 3,508க்கு 4,961 படப்புள்ளிகள் கொண்டதாக இருக்கும். மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்காக மூன்று பைட் தேவை. எனவே, ஓர் அடுக்குக்கு மட்டும் ஏறத்தாழ 52 மெகாபைட் இடம் வேண்டும். இருபது முழு அடுக்குகள் வைத்தால் 1 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். இதனுடன் இயங்குதளம், இணைய உலாவி, மென்பொருள் ஆகியவை எடுத்துக்கொள்ளும் இடத்தையும் கூட்ட வேண்டும்.

இதனால்தான் 4 ஜிகாபைட் ரேம் உள்ள கணினி இப்பணிக்குப் போதாது. இன்றைய ஃபோட்டோஷாப் குறைந்தது 8 ஜிகாபைட் ரேமைக் கோருகிறது. 16 ஜிகாபைட்டைப் பரிந்துரைக்கிறது. பணம் போதாவிட்டால், 8 ஜிகாபைட் உள்ளதை வாங்கிப் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம். ஆனால், அதற்கு முன் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் பிற்காலத்தில் கூட்ட முடியாது. ‘பின்னர் ரேமைச் சேர்க்க இடம் உண்டா?’ என்னும் ஒரே கேள்வி பல நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தக்கூடும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை, எஸ்.எஸ்.டி. வகை வேகமானது, அதிர்வைத் தாங்கக்கூடியது. மிக மலிவான கணினிகளில் ‘இ.எம்.எம்.சி.’ என்னும் மெதுவான வகை, 64 ஜிகாபைட் போன்ற சிறிய அளவில் இருக்கும். இயங்குதளமும் இரண்டு மென்பொருள்களும் சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். 512 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. வசதியானது. 256 ஜிகாபைட் வாங்கினால், பழைய பணிகளைச் சேமிக்க வெளிப்புற வட்டு ஒன்று தேவைப்படும்.

எடையும் மின்கலமும்

விடுதியிலிருந்து வகுப்புக்கும், விடுமுறையில் பேருந்தேறி ஊருக்கும் கணினியைச் சுமந்து செல்வது மாணவரே. 13 அல்லது 14 அங்குலத் திரையும் ஒன்றரைக் கிலோகிராமுக்கு உட்பட்ட எடையும் உள்ள கணினி இதற்குப் பொருத்தமானது. 11 அங்குலக் கணினி தூக்க எளிது. ஆனால், மென்பொருளின் கருவிப்பட்டைகள் போக வரைவதற்கு எஞ்சும் இடம் குறைவு. விடுதி அறையில் பழைய வெளித்திரை ஒன்று கிடைத்தால், எச்.டி.எம்.ஐ. இணைப்பின் மூலம் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை விளம்பரத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. மின்கலத்தின் கொள்ளளவு ‘வாட் மணி’ என்னும் அலகில் குறிக்கப்படும். 45 வாட் மணி மின்கலத்தைக் கொண்டு, சராசரியாக 9 வாட் செலவிடும் இலேசான பணியை 5 மணி நேரம் செய்யலாம். பெரிய கோப்பைத் திருத்தும்போது கணினி 20 வாட் செலவிட்டால், அதே மின்கலம் இரண்டே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மென்பொருளுக்கும் விலை உண்டு

கணினியை வாங்கியதோடு செலவு முடிவதில்லை. அடோபி நிறுவனத்தின் மென்பொருள்களுக்குத் தொடர்ந்து சந்தா செலுத்த வேண்டும். கல்வி நிலையம் மாணவர்களுக்கு உரிமம் வழங்குகிறதா என்று கேட்பது முதல் வேலை. வழங்காவிட்டால், இலவச மென்பொருள்களைக் கொண்டு வீட்டில் பயிற்சி செய்யலாம். இங்க்ஸ்கேப் மூலம் சின்னங்களையும் எழுத்துருக்களையும் வரையலாம். கிம்ப் மூலம் நிழற்படங்களைத் திருத்தலாம். கிரிட்டா ஓவியம் தீட்டுவதற்கும், ஸ்கிரைபஸ் நூல் பக்கங்களை அமைப்பதற்கும், பிளெண்டர் முப்பரிமாண உருவாக்கத்திற்கும் உதவும். இவை சட்டப்படி இலவசமானவை. திருட்டுப் படிகளை நிறுவினால், நச்சுநிரல் புகுந்து ஒரு பருவத்தின் உழைப்பையே அழித்துவிடக்கூடும். அது குற்றமும் ஆகும்.

குரோம்புக் என்னும் மலிவான மடிக்கணினியும் சந்தையில் உண்டு. அது பெரும்பாலும் இணைய உலாவியை நம்பி இயங்குவது. கேன்வா, ஃபிக்மா போன்ற இணையச் செயலிகளுக்கு அது போதும். ஆனால், விண்டோஸுக்கென உருவாக்கப்பட்ட மென்பொருள்களை அதில் நேரடியாக நிறுவ முடியாது. இணைய இணைப்பு வலுவற்ற இடங்களில் அதன் பயன் மேலும் குறையும்.

புதியதா, புதுப்பித்ததா?

பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தி விடுவித்த மடிக்கணினிகள், துப்புரவு செய்யப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. திங்க்பேட், லேட்டிடியூட், எலிட்புக் போன்ற அலுவலக வகைகள் உறுதியாகக் கட்டப்பட்டவை. அவற்றுள் பலவற்றில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்ற முடியும். கையிருப்புக் குறைந்த குடும்பத்திற்கு இது நல்ல வழியாகும். ஆயினும், மூன்று சோதனைகள் கட்டாயம் தேவை.

முதல் சோதனை, நுண்செயலியின் தலைமுறை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 இயங்குதளமோ, இன்டெல் நுண்செயலிகளில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கும். 6ஆம் தலைமுறைக் கணினி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதனை வாங்குவது அறிவுடைமையன்று.

இரண்டாம் சோதனை, மின்கலம். விண்டோஸில் மின்கல அறிக்கை ஒன்றை உருவாக்கும் வசதி உண்டு. தயாரிக்கப்பட்டபோது 50 வாட் மணியாக இருந்த கொள்ளளவு இப்போது 25 ஆகக் குறைந்திருந்தால், மின்கலத்தை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் சோதனை, திரை. இக்கணினிகள் அலுவலக எழுத்துப் பணிக்காக வாங்கப்பட்டவை. எனவே, வண்ணம் குறைந்த திரை பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். வண்ணத்தைச் சோதிக்காமல் வாங்கினால், வேகம் இருந்தும் வடிவமைப்புக்கு உதவாத கணினியே மிஞ்சும்.

ரொக்கமா, தவணையா?

ஒரே தொகையைக் கொடுக்க இயலாத குடும்பம் தவணை முறையை நாடும். அப்போது மாதத் தொகையை மட்டும் பார்ப்பது ஆபத்து. ரொக்க விலை 2,400 ரிங்கிட் உள்ள கணினியை, மாதம் 125 ரிங்கிட் வீதம் 24 மாதங்களுக்குத் தருவதாக ஒரு கடை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் செலுத்துவது 3,000 ரிங்கிட். கூடுதலாகக் கொடுக்கும் 600 ரிங்கிட்டைக் கொண்டு ரேமைக் கூட்டியிருக்கலாம். வெளிப்புற வட்டு ஒன்றையும் வாங்கியிருக்கலாம்.

சபாக் பெர்ணாமிலிருந்து கோலாலம்பூரின் பெரிய கணினிச் சந்தைகளுக்குச் செல்ல நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆதலால், பலர் இணையத்தில் வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கும்போது, உத்தரவாதம் உள்நாட்டில் செல்லுமா என்பதை உறுதி செய்ய வேண்டும். பொருள் வந்ததும் பெட்டியைத் திறப்பதைக் காணொலியாகப் பதிவு செய்வது, சேதம் இருந்தால் சான்றாக உதவும். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

குறையுள்ள பொருளை விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால், பயனீட்டாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. அச்சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பைக் கோரலாம். வழக்கறிஞரை அமர்த்தும் செலவும் இல்லை. ரசீது இல்லாவிட்டால், வாங்கியதை நிறுவுவது கடினமாகிவிடும்.

வாங்கிய பின்

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மின்னல் நேரத்தில் மின்கம்பி வழியே பாயும் மிகை மின்னழுத்தம் கணினியை ஒரு நொடியில் கருக்கிவிடும். மிகை மின்னழுத்தத் தடுப்பான் உள்ள மின் இணைப்புப் பலகையைப் பயன்படுத்துவதும், இடி முழங்கும்போது மின்னேற்றியைக் கழற்றிவிடுவதும் நல்ல பழக்கங்கள். கடலோர வட்டாரத்தின் ஈரப்பதமும் மின்னணுக் கருவிகளுக்குப் பகை. பயன்படுத்தாத வேளையில் கணினியை உலர்ந்த இடத்தில், ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் உறையில் வைக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது படியெடுத்து வைப்பதாகும். கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். அழிந்துபோன இறுதியாண்டுச் செயல்திட்டத்தை எங்கும் வாங்க முடியாது. முக்கியக் கோப்புகளைக் கணினியிலும், வெளிப்புற வட்டிலும், இணையச் சேமிப்பகத்திலும் என மூன்று இடங்களில் வைத்திருப்பது பாதுகாப்பு.

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது முன்னோர் வாக்கு. வரவுக்கு ஏற்பச் செலவு செய்வதைப் போலவே, வேலைக்கு ஏற்பக் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் அறிவுடைமையாகும். வண்ணம் பிசகாத திரை, போதுமான ரேம், வேகமான சேமிப்பகம், சுமக்கத்தக்க எடை ஆகிய நான்கையும் உறுதி செய்துகொண்ட மாணவர், பகட்டான புற அழகையும் விலையுயர்ந்த வணிகப் பெயரையும் கண்டு மயங்க வேண்டியதில்லை. செம்பனைக் குலைகளை வெட்டிச் சுமந்து பெற்றோர் ஈட்டிய பணம் அந்தக் கணினியில் அடங்கியிருக்கிறது. அதை வீணாக்காமல் தேர்ந்தெடுப்பதே மாணவர் தம் குடும்பத்திற்குச் செய்யும் முதல் கைம்மாறாகும்.